சேற்றைப் படித்தவர்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஓர் அமெரிக்கக் கால்பந்துக் குழுவுக்கு நான் பஸ் ஓட்டினேன். அவர்களின் சட்டைகளைத் தோய்ப்பவர் யாழ்ப்பாணத்தவர். நரைத்த மீசை, எப்போதும் ஈரக்கை. பருவம் தொடங்க ஒரு வாரம் இருக்கையில், பந்தைச் சுமந்து ஓடும் முக்கிய வீரனுக்கு முழங்கால் முறிந்தது.

“இனி ஆரண்ணை ஓடுறது?” என்றேன்.

“இன்னும் மூண்டு பேர் இருக்கினம் தம்பி. ரெண்டு பேருக்கு முதுகிலைதான் சேறு. எதிராளி பின்னுக்குத் தள்ளி விழுத்துறான். மூண்டாமவனுக்கு நெஞ்சிலை சேறு. விழுந்தாலும் முன்னுக்குத்தான் விழுறான். அவன் ஒருத்தனே காணும், வேறை ஆரும் தேவையில்லை.”

பயிற்சியாளரிடம் டேனிஷில் சொன்னேன், சிரித்தார். முதல் ஆட்டத்தில் மற்ற இருவரும் தடுமாறிய பிறகே மூன்றாமவனை இறக்கினார். வென்றோம்.

சலவை அறைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன்.

“ஓம், வெல்லுவினம் எண்டு தெரியும்,” என்றார். “ஆனா, இந்த விளையாட்டை நான் ஒருநாளும் பாத்ததில்லை.”