பதினோரு பெண்களின் கணவர் ஷிகேலா

ஒரு மனிதருக்குப் பதினோரு மனைவிகள், ஆனால் ஒரே ஒருத்திதான் அவருக்கு உகாலிக் களி கிளறிப் போடுகிறாள் என்றால் நம்புவீர்களா?

விக்டோரியா ஏரிக்கரையில் எங்கள் ஊர்ச் சந்தையில் வந்து பாருங்கள். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கும் ஷிகேலாதான் அவர். ஹோலோ ஒருத்தியைத்தான் கட்டியிருக்கிறார். மற்ற பத்துப் பேருக்கும் அவர் அரைநாள் கணவர்.

காரணம், எங்கள் மருத்துவ நிலைய வாசலில் தொங்கும் பலகை: "முதல் பரிசோதனைக்குக் கணவருடன் வரவும்." ஆண்களும் பொறுப்பேற்கட்டும் என்று யாரோ நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள். கணவன் மீன்பிடிப் படகில் இருந்தால்? ஓடிப்போயிருந்தால்? செத்தே போயிருந்தால்? பலகைக்கு அதெல்லாம் தெரியாது. அதனால் பெண்கள் ஷிகேலாவைப் பிடித்தார்கள். வண்டிக்கு வழக்கமான கட்டணம். கணவனாக உட்காருவதற்கு எண்ணெயில் பொரித்த மந்தாசி இரண்டு, சூடாக.

ஒவ்வொரு முறையும் கணவருக்கும் பரிசோதனை என்று விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். கூடவே, கர்ப்பத்தில் எதெல்லாம் ஆபத்து என்று கணவர்களுக்கு நர்ஸ் நடத்தும் பாடம். எங்கள் மாவட்டத்திலேயே அதிகம் குத்துப்பட்ட விரல் அவருடையதுதான்.

பன்னிரண்டாவது மனைவியாக வந்தவள் ங்க்விம்பா. பதினேழு வயது, எட்டு மாதக் கர்ப்பம். காரணமானவன் தங்கச் சுரங்கத்துக்குப் போனவன், போனவன்தான். தனியாக வந்தாள் என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடையாளம் தெரியாமலிருக்க ஷிகேலா தேவாலயப் பாடகர் குழுவின் நீலக் கோட்டையும் யாருடையதோ மூக்குக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு அவளோடு உள்ளே நுழைந்தார். கண்ணாடியில் எதுவும் தெரியாததால் முதலில் எடை பார்க்கும் கருவிக்கு வணக்கம் சொன்னார்.

பெஞ்சிலிருந்து மீன் விற்கும் கபுலா கத்தினாள்: "ஏங்க, சோப்பு வாங்கிட்டு வரச் சொன்னேனே, மறந்துட்டீங்களா?"

பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. "உனக்கு எப்படிடி புருஷன்? போன மாசம் எனக்குல்ல புருஷன்!"

நர்ஸ் ந்யான்சோபே இடுப்பில் கை வைத்தார். "வாங்க மாப்பிள்ளை. இன்னைக்கு யார் வீட்டு மாப்பிள்ளை?"

"இந்தப் பொண்ணு வீட்டு..."

"கண்ணாடியக் கழட்டு, ஷிகேலா. ஏம்மா, நீ போயிட்டு நாளைக்கு நெஜப் புருஷனோட வா."

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. ங்க்விம்பா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, மூணு நாளா தலை வெடிக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பறக்குற மாதிரி இருக்குண்ணே."

ஷிகேலா கண்ணாடியைக் கழற்றினார். இப்போதுதான் அவள் கால்கள் அவருக்கு ஒழுங்காகத் தெரிந்தன. செருப்பு வார் வீங்கிய தோலுக்குள் புதைந்திருந்தது. நர்ஸைப் போலவே இடுப்பில் கை வைத்து, அவரைப் போலவே விரலை ஆட்டி, அவர் குரலிலேயே ஆரம்பித்தார்:

"கால் வீக்கம், விடாத தலைவலி, கண்ணு மங்கல். இதுல ஒண்ணு வந்தாலும் ஒடனே தூக்கிட்டு ஓடி வரணும். நல்லாக் கேட்டுக்கங்கய்யா, தடியனுங்களா!" பிறகு சொந்தக் குரலில் சொன்னார்: "பத்துத் தடவ கேட்டுட்டேன் சிஸ்டர். புருஷன் வர்ற வரைக்கும் காத்திருங்கன்னு ஒரு தடவகூட நீங்க சொல்லலையே?"

சிரிப்பு நின்றது. நர்ஸ் ங்க்விம்பாவின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார். அழுத்தம் எகிறியிருந்தது. ஊசி போட்டார், முவான்சா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வரவழைத்தார், படிவம் நிரப்ப உட்கார்ந்தார்.

"கூட வந்தவர் என்ன உறவுன்னு எழுதுறது?"

"மோட்டார் சைக்கிள்னு எழுதுங்க, சிஸ்டர்."

ஆறாம் நாள் தாயும், கைக்குள் அடங்கும் ஒரு பெண் குழந்தையும் உயிரோடு திரும்பினார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று நர்ஸே சந்தையில் எல்லோரிடமும் சொன்னார். பலகையைக் கழற்றித் தன் மேசைக்கடியில் போட்டார். அடுத்த மாதமே மேலிடத்திலிருந்து புதுப் பலகை வந்தது, இன்னும் பெரிய எழுத்தில்.

இப்போது ஹோலோவே கர்ப்பம். ஷிகேலாவோடுதான் போனாள். ஊருக்கே புருஷன் என்று அவரைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்த புது நர்ஸ் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்த ஆள் வேண்டாம்மா, உன் சொந்தப் புருஷனைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

உங்கள் ஊர் மருத்துவ நிலையத்தில் இப்படியொரு பலகை தொங்கினால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே போய், தனியாக வந்தவளை முதலில் பாருங்கள் என்று கேளுங்கள். அவள் கையில் பட்டை சுற்றும் வரை அங்கிருந்து நகராதீர்கள்.