அரஃபா நாளில் ஏழு வாசல்

வெயிலில் கிடந்து கெட்டுப்போன சாளை மீனின் வாடை மூக்கில் ஏறினால் இன்றும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன். அது மீனின் குற்றமில்லை, என் குற்றம். பதினோரு வயதில், உம்மா தொழுதுகொண்டிருந்தபோது, திரேஸ்புரத்திலிருந்து கூடை சுமந்து வரும் ரொசாரி அக்காவிடம் வாசலில் மீனை வாங்கி, சட்டியோடு கொல்லைக் கல்லில் வைத்துவிட்டுப் பாண்டி ஆடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மீன் நாறிக் கிடந்தது. உம்மா கேட்டதும், "வாங்கும்போதே அப்படித்தான் இருந்திச்சி" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

மறுநாள் உம்மா அந்த அக்காவைத் தெருவில் நிறுத்தி, பிள்ளைகள் தின்கிற வீட்டில் அழுகலைத் தள்ளிவிட்டாயே என்று நாலு பேர் காதுபட ஏசினார். உம்மாவின் வார்த்தைக்குத் தெருவில் மதிப்பு அதிகம். ஏழு வீடுகள் அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்த, சில நாள் வந்து பார்த்துவிட்டு அவளும் எங்கள் பக்கம் வருவதை விட்டுவிட்டாள்.

அந்த வருடம் வாப்பாவும் உம்மாவும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். புறப்படுகிறவர்கள் உறவு, அண்டை அயல் என்று ஒவ்வொருவரையும் தேடிப் போய், "தப்பு ஏதும் நடந்திருந்தா பொறுத்துக்கிடுங்க" என்று கேட்பது எங்கள் வழக்கம். துணி தேய்க்கிற அண்ணாச்சி வரை கேட்ட உம்மா, ரொசாரி அக்காவிடம் மட்டும் போகவில்லை. "அவதான் என்கிட்ட கேக்கணும்" என்றார். நான் பக்கத்தில் நின்று பெட்டிக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன்.

அரஃபா நாள், ஹாஜிகள் அரஃபா மைதானத்தில் நின்று அழுது மன்னிப்புக் கேட்கும் நாள். வீட்டில் இருக்கிறவர்கள் நோன்பு வைப்போம். உம்மாவை நினைத்து நானும் முதன்முதலாக வைத்திருந்தேன். மதியம் "ராத்தா", அதாவது என் அக்கா, பேச்சுவாக்கில் சொன்னாள்: "இன்னிக்கி அல்லா தனக்குச் செஞ்ச பாவத்த மன்னிப்பான். மனுசருக்குச் செஞ்சத அந்த மனுசர்தான் மன்னிக்கணும்." சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். இத்தனை தூரம் போய் நிற்கிற உம்மாவுக்கு என் பொய்யால் ஒரு பாக்கி நிற்குமே என்று பதறினேன். அங்கே பொழுது நமக்குப் பிந்தித்தான் அடையும் என்று வாப்பா சொல்லியிருந்தது ஒன்றுதான் ஆறுதல்.

அதற்குள் மன்னிப்பு வாங்கிவிட வேண்டுமென்று ஓடினேன். திரேஸ்புரம் கடற்கரையில் ரொசாரி அக்கா நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் திட்டவில்லை, தலையைத் தடவவும் இல்லை.

"உங்க உம்மாவ நான் என்னைக்கோ பொறுத்துட்டேன். ஏளா, என்கிட்ட மட்டும் சொன்னாப் போதுமா? என்னைய வேண்டாம்னு சொன்ன வீட்டுலல்லாம் போயிச் சொல்லு."

அவள் முன்னே நடக்க, வறண்ட நாக்கோடு நான் பின்னே நடந்தேன். ஏழு வாசலிலும் "நான்தான் பொய் சொன்னேன்" என்றேன். முதல் வாசலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது வீட்டு மாமி, "உம்மா வரட்டும், இரி" என்று காதைத் திருகினார். ஏழாவது வாசலில் இருந்தபோது பள்ளிவாசலில் பொழுதடைந்த பாங்கு சொன்னார்கள். அந்த வீட்டுத் தண்ணீரில்தான் நோன்பு திறந்தேன்.

ஊர் திரும்பிய உம்மா விஷயம் கேள்விப்பட்டார். மறுநாள் காலையில் ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு திரேஸ்புரத்துக்குத் தனியாகவே போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வாரம் ரொசாரி அக்காவின் குரல் எங்கள் தெருவில் கேட்டது.

இப்போது மீன் போனில் சொன்னால் வீடு வந்துவிடுகிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போவதும் அருகிவிட்டது. இந்த வருடம் நான் போகிறேன். முந்தாநாள் எல்லோரையும் போல நானும், தெரிந்தோ தெரியாமலோ செய்த தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்படி வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே செய்தியாக அனுப்பினேன். பத்து நிமிடத்துக்குள் "பொறுத்தோம்", "ஆமீன்", கும்பிடும் கைகள் என்று வந்து குவிந்தன.

எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.