ராஜ தேள் என்று எழுத மறுத்தவள்

தெருவில் அவளுக்குப் பெயர் 'கொடுக்கு'. வாய் அப்படி. கணவன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு கிளம்பி வந்த அன்று, "வாழாவெட்டியா வந்து நிக்கிறாளே" என்று முணுமுணுத்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "வாழத்தான் வந்திருக்கேன், வெட்டியா நிக்க வரல" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் வீட்டுப் படியேறினாள்.

அண்ணன் வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருந்தான். முன்னால் கிளிகளும் முயல்களும். பின்னறையில் கண்ணாடித் தொட்டிகளில் தேள்கள். ஆசைக்கு வளர்ப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்களே, அவர்களுக்காக. அந்த அறையில் வேலைக்கு வந்த யாரும் நிலைக்கவில்லை. "விஷத்துக்கு விஷம் சரியாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் தங்கையை அங்கே உட்கார வைத்தான். மூன்றாம் நாளே ஓடிவிடுவாள் என்று அண்ணி உள்பட எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்கோ அந்த அறை பிடித்துப்போயிற்று. தேள்கள் யாரும் அவளைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டவில்லை.

தேள் சட்டையுரித்தால் அந்த வெற்றுத்தோலை அவள் தூக்கியெறிய மாட்டாள். பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து மணிக்கணக்காகப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கறுப்புத் தேள்களில் இரண்டு சாதி இருப்பது அவளுக்குப் பிடிபட்டது. ஒன்று ராஜ தேள். மற்றது காட்டுத் தேள். இரண்டும் உள்ளங்கை நீளம், இரண்டும் மைக்கறுப்பு. புற ஊதா விளக்கை அடித்தால் இரண்டும் ஒரே பச்சையாக ஒளிரும். விளக்கை நம்பிப் பயனில்லை. முன்னால் நீட்டும் இடுக்கியைத்தான் பார்க்க வேண்டும். ராஜ தேளின் இடுக்கி சொரசொரவென்று மணல் ஒட்டியது போலிருக்கும், அதில் செம்மை தட்டும், பூனை முடிபோல மயிர் துருத்தும். காட்டுத் தேளுக்கு அது வழவழவென்று பாலிஷ் போட்ட செருப்பாக மின்னும். வளர்ந்த தேளானால் வால் நுனியையும் பார்க்கலாம். ராஜாவுக்கு விஷப்பை செம்பழுப்பு, மற்றதற்குப் பெரும்பாலும் கறுப்பு. குணத்திலும் வேற்றுமை உண்டு. ராஜா சோம்பேறி. காட்டுத் தேளுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

ஒரு முறை மொத்த வியாபாரி அனுப்பிய பெட்டியில் எல்லாமே காட்டுத் தேள்களாக இருந்தன. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ராஜ தேள்னு எழுதி ஒட்டிடு, அதுக்குத்தான் நல்ல விலை" என்றான்.

"இது ராஜா இல்லண்ணே."

"கறுப்பா இருக்குல்ல?"

"கறுப்பா இருக்கிறதெல்லாம் காக்காவா?"

அண்ணன் தானே எழுதி ஒட்டினான். அவள் கிழித்தாள். அவன் மறுபடி ஒட்டினான். அவள் மறுபடி கிழித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு வித்தைக்காரர் கடைக்கு வந்து சேர்ந்தார். பிறந்தநாள் வீடுகளில் தொப்பியிலிருந்து புறா எடுப்பவர். இப்போது புதிதாக ஒரு வித்தை. சட்டைக் கையிலிருந்து தேள் இறங்கி, பிறந்தநாள் குழந்தையின் உள்ளங்கைக்கு நடந்து போக வேண்டும். "சாதுவானது வேணும். ராஜ தேள்தான் சாதுன்னு சொன்னாங்க."

"இந்தா இருக்கே, அசல் ராஜா" என்று அண்ணன் தொட்டியைத் தூக்கி வந்து முன்பக்க மேசைமேல் வைத்தான்.

அவளும் பின்னாலேயே வந்தாள். "ஐயா, இது காட்டுத் தேள். இதக் குழந்தை கையில விடாதீங்க."

அண்ணன் முகம் தேள் கொட்டிய திருடன் முகமாயிற்று. வித்தைக்காரரோ அசரவில்லை. "பேரு எதுவா இருந்தா என்னம்மா? பாக்க ஒண்ணுபோலதான இருக்கு. விலையக் குறைச்சா இதையே எடுத்துக்கிறேன்."

வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குப் புரிந்தது. நீண்ட கவ்வியை எடுத்து, தேளின் எதிரே மெல்ல நீட்டினாள். கண்ணிமைக்கும் நேரத்தில் அது கவ்வியைப் பற்றிக்கொண்டு, வாலை வளைத்து உலோகத்தில் டிக் டிக்கென்று கொட்டியது. உதறியும் விடவில்லை. வித்தைக்காரர் பின்வாங்கிய வேகத்தில் முயல் கூண்டு ஆடியது.

"உசுரு போகாதுன்னே வைங்க. சின்னப் புள்ள தாங்குமா? ராஜ தேளா இருந்தாலும் நான் குழந்தை கையில குடுக்க மாட்டேன். உங்க கையில விட்டுக்கங்க, அது உங்க பாடு."

அவர் நன்றியும் சொல்லவில்லை, ஒன்றும் வாங்கவுமில்லை. "கடை நடத்துற லட்சணமா இது?" என்று அண்ணனைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

"என் வீட்டுச் சோத்தத் தின்னுட்டு என் பொழப்புலயே மண்ணப் போடுறியா?" அண்ணன் கத்தியதில் கிளிகள் வாயடைத்தன.

"தின்ன சோத்துக்கு வேலை செஞ்சிருக்கேன். பொய் சொல்றது அந்த வேலையில சேத்தி இல்ல."

"அப்ப வெளிய போ!"

"போறேன். ஆனா வெளிய போய் வாய மூடிட்டு இருப்பேன்னு மட்டும் நினைக்காத."

சேர்த்து வைத்த தேள் தோல்களையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, எதிர்ச்சாரியில் மீன்தொட்டி விற்கும் அம்மாளிடம் போய் நின்றாள். அந்த அம்மாள் வெடுக்கென்று பேசுகிறவர். "எனக்கும் உன்ன மாதிரிதான் வாய். ஒரே கடையில ரெண்டு தாங்குமா?" என்று கேட்டார். பிறகு அவரே ஓர் அலமாரியைக் காலி செய்து கொடுத்தார். கடையின் மாடி அறையிலேயே படுக்கையும் ஆயிற்று. தேள் வைத்திருப்பவர்கள் தங்களுடையது அசல் ராஜாதானா என்ற சந்தேகத்தோடு டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். 'ராஜா' என்று நம்பி வாங்கியவர்களில் சிலர் அழாத குறையாகத் திரும்பிப் போனார்கள். அண்ணி தினமும் சாலையைக் கடந்து வந்து, கணவன் பார்க்கும்படியே நாத்தனாரோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள்.

மழைக்காலம் முடியும் சமயம் அண்ணனே ஒரு பெட்டியோடு வந்தான். மேசைமேல் வைத்துவிட்டு மீன்களைப் பார்த்தபடி, "இதுல எது எதுன்னு சொல்லு" என்றான். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். ஒன்றுதான் ராஜா. மற்றவை காட்டுத் தேள்கள்.

"அப்படியே எழுதி ஒட்டுறேன்" என்றான். பெட்டியை மூடினான். "கடைக்குத் திரும்பி வந்துடேன். உங்க அண்ணி என்கூடப் பேசுறதே இல்ல."

அவள் முடியாதென்று தலையை ஆட்டினாள்.

"வீட்டுக்கு வர்றேண்ணே, ஞாயித்துக்கிழமை சாப்பிட. கடைக்கு வரமாட்டேன்."