மருத்துவர் பார்க்காத பாலிசியும் எங்கள் அண்ணனும்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அவருடன் பிறந்தவன் நான் ஒருவனே. ஆகவே எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாகூர் மேரியில், அதாவது கொம்யூன் அலுவலகத்தில், பிறப்பு இறப்புப் பதிவேடுகளை எழுதுபவன் நான். பிறரின் இறப்பை மூன்று வரியில் எழுதி முடிப்பது என் வழக்கம். அண்ணனுக்கு மூன்று வரி போதவில்லை.

அண்ணன் கரியமாணிக்கத்தில் பிறந்தார். எங்கள் அப்பா குத்தகை நிலத்தில் நெல் பயிரிட்டவர். அண்ணனுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, நாற்று விட்டிருந்த வாரத்தில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். நாற்றங்காலில் பச்சை பிடிக்கும் முன்பே நிலக்காரர் குத்தகையை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. முன்பணம் கட்ட எங்களிடம் வழியில்லை, ஏர் பிடிக்கக் கனத்த கையும் இல்லை. அம்மாவும் நாங்கள் இருவரும் பாகூருக்கு வந்து கூலிக்கு இறங்கினோம். ஒரு ஆள் போனால் ஒரு நிலம் போகும் என்பதை அண்ணன் அன்று பார்த்தார். அதற்குப் பின் அவர் செய்த காரியங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் வகுப்போடு நின்றவர் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். நான் தமிழ்ப் பாடம் படித்து எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே தமிழைப் பிழையின்றி எழுதக் கற்றுக்கொண்டார். பத்தாண்டு கூலி வேலை செய்து, ஏரிப் பாசனத்தில் ஒரு குத்தகை நிலம் பிடித்தார். அண்ணி வந்தார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள்.

அந்த நாளில் கடலூரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். சென்னையில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி, பிரெஞ்சு எல்லைக்குள் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு விவசாயியை ஏஜெண்டாகத் தேடியது. அண்ணன் அந்த வேலையை ஏற்றார். ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டுமானால் கம்பெனி டாக்டர் உடம்பைச் சோதிக்க வேண்டும். டாக்டரோ கடலூரில் இருந்தார். ஒரு நாள் கூலியை விட்டு, சுங்கச் சாவடி தாண்டி, சட்டையைக் கழற்றி நிற்க எங்கள் பக்கத்து ஆட்கள் யார் போவார்கள்? ஆகவே மருத்துவர் பார்க்காத பாலிசி என்று ஒன்றைக் கம்பெனி வைத்திருந்தது. தொகை சிறியது, தவணை சற்றுக் கூடுதல். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கிடையாது. முதல் ஓராண்டுக்குள் நோயால் இறந்தால் கட்டியது மட்டுமே திரும்பும்.

டாக்டர் பார்க்காத பாலிசி என்றால் எதையுமே கேட்காத பாலிசி என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள். அண்ணனும் முதலில் அப்படித்தான் நினைத்தார். பிறகு, விண்ணப்பத்தோடு வந்த உடல்நலக் கேள்வித்தாளை ஒரு வாரம் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தார். ஒருநாள் என்னிடம் சொன்னார்: “டேய், இதுல டாக்டர் இல்லன்னு யார் சொன்னது? இந்தக் காயிதந்தான் டாக்டரு. நாம சொல்றத நம்பிட்டு அவன் கையெழுத்துப் போடறான். பொய்ய எழுதினா அன்னிக்கு ஒண்ணும் ஆவாது. பணம் வாங்கற அன்னிக்குத்தான் ஆவும்.”

அதனால் அவர் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். ஆண்பிள்ளையிடம் தனியாகக் கேள்வி கேட்கமாட்டார். மனைவியும் அங்கே உட்கார வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் இருவர் காதிலும் விழும்படி உரக்கப் படிப்பார். எழுதிய தாளுக்கு ஒரு நகல் எடுத்து, கம்பெனி முத்திரையோடு பாலிசியில் சேர்த்துத் தைத்துத் தரும்படி கேட்டு வாங்குவார். நோயின் பெயரை வாயால் சொன்னால் அது வந்து ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சிய வீடுகளில் இது லேசான வேலை இல்லை. ‘சாவு ஏஜெண்டு’ என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

ஏம்பலத்தில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக்கு நானும் உடன் போயிருந்தேன். படுக்கும்படி நோய் ஏதாவது வந்ததுண்டா என்று அண்ணன் படித்தார்.

“எனக்கின்னா, கல்லு மாதிரி இருக்கறேன். எழுதிக்க” என்றார் அவர்.

கதவோரம் இருந்த அவர் மனைவி விடவில்லை. “யோவ், ஐப்பசியில காமாலை வந்து சுருண்டு கெடந்தியே, அது இன்னா?”

“அது ஒரு நோவா?”

“மஞ்சக் கெழங்கு மாதிரி இருந்தியே. நீ எங்க பாத்த, பாத்தவ நானு!”

“ஏண்டி, நான் செத்தா பணம் ஒனக்குத்தானேடி வரும்?”

“அதான் சொல்றேன். வரணும் இல்ல?”

அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். காமாலையை எழுதினார். கம்பெனி பாலிசி கொடுத்தது. அப்படி உண்மையைச் சொன்னதால் கம்பெனி மறுத்துவிட்ட வீடுகளும் உண்டு. அவற்றில் அண்ணனுக்குக் கிடைத்தது வசவுதான். ஆனால் அரியூர் முதல் பாகூர் வரை அவர் எழுதிய பாலிசிகளில், ஆள் இறந்தபின் பணம் கிடைக்காமல் போனது ஒன்றுகூட இல்லை.

இனி எழுதப்போவது எங்கள் வீட்டில் நடந்தது.

ஒரு சித்திரை மாதம், வரப்பில் நடந்துகொண்டிருந்த அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் அவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். இதயத் துடிப்பு சரியாக இல்லை என்று டாக்டர் சொல்லி மருந்து எழுதினார். இதை அறிந்தவர்கள் அண்ணன், அண்ணி, நான் மூவர் மட்டுமே. ஊருக்கெல்லாம் பாலிசி எழுதியவர் தமக்கு ஒன்று எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அவர் போனால் நிலமும் போகும். அப்பா காலத்தில் நடந்தது அப்படியே திரும்ப நடக்கும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணனின் கேள்வித்தாளை எழுத உட்கார்ந்தோம். தன் தாளையும் வேறொருவர் கேட்டு எழுதுவதுதான் முறை என்று அண்ணன் சொன்னதால் பேனா என் கையில் இருந்தது. அண்ணி எதிரே முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். எட்டாவது கேள்வி: மார்பு, இதயம், மூச்சு இவை சம்பந்தமான நோய் எப்போதாவது இருந்ததுண்டா? நான் அதை உரக்கப் படித்தேன். பதிலுக்குக் காத்திராமல் ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன். முறம் ஒரு கணம் நின்றது. அண்ணி தலை நிமிரவில்லை.

“இன்னா எழுதின?” என்றார் அண்ணன்.

“இல்லன்னு.”

“யாரு சொன்னா?”

நான் பேனா முனையைத் துடைத்தேன். அவர் அண்ணியைப் பார்த்தார். “நீயாவது சொல்லேன்.”

அண்ணி மறுபடி புடைக்கத் தொடங்கினார்.

“ஏம்பலத்துல அந்தம்மா எப்டி வெளுத்து வாங்கிச்சி! எங்க வூட்ல ரெண்டு பேரும் ஊமையா பூட்டீங்களே” என்று சிரித்தபடி அண்ணன் பேனாவை வாங்கினார். என் எழுத்தை ஒரே கோட்டால் அடித்து, ‘உண்டு’ என்று எழுதினார். ஆஸ்பத்திரிக்குப் போன மாதம், டாக்டர் சொன்னது, சாப்பிட்ட மருந்து எல்லாவற்றையும் எழுதினார். அடித்த இடத்தில் கையெழுத்திட்டார்.

அப்போதுதான் அண்ணி வாய் திறந்தார். “ஊருக்கு ஞாயம் பேசிட்டு எம் புள்ளைங்க வாயில மண்ணப் போடறியா? டாக்டரா வந்து பாக்கப் போறான்? யாருக்குத் தெரியும்?”

“நான் இருக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. செத்த பொறவுதான் தேடிக்கினு வருவானுங்க. அப்ப பதில் சொல்ல நான் இருக்க மாட்டேனே.”

கம்பெனி மறுக்கவில்லை. ஆனால் கேட்ட தொகையைப் பாதியாகக் குறைத்தது. ஓராண்டு நிபந்தனையை அவருக்கு மட்டும் இரண்டாண்டாக்கியது. அதற்குள் அவருக்கு ஏதாவது நேர்ந்தால் குடும்பத்துக்குப் பெயருக்குத்தான் பணம். அன்று முதல் என் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் கடைசி வரி ‘அண்ணன் நலம்’ என்பதே. அண்ணி அவரை மண்வெட்டி தொடவிடவில்லை. அவர் அண்ணிக்குத் தெரியாமல் தொட்டார். எங்கள் இருவர் முகத்திலும் தெரிந்த கலக்கத்தில் ஒரு துளியைக்கூட அவரிடம் நான் பார்த்ததில்லை. இதை இன்றும் வியப்போடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

இரண்டாண்டு முடிந்த நாளில் மேரியிலிருந்து நேரே வயலுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

“இன்னாடா இந்த ஓட்டம்? மேரி பத்திக்கிச்சா?” என்றார் அண்ணன்.

“இன்னியோட ரெண்டு வருசம் ஆச்சு அண்ணே.”

“அப்டியா! அப்ப இனிமே நான் தாராளமா சாவலாம்னு சொல்ல வந்திருக்கற.”

கூழ் கொண்டுவந்திருந்த அண்ணி ஒரு பிடி சேற்றை அள்ளி அவர்மேல் வீசினார். “வாயப் பாரு!” அன்று மூவரும் அந்த வரப்பில் உட்கார்ந்து சிரித்தோம்.

அதன்பின் நான்கு மாதமே இருந்தார். தை மாதம் ஒரு விடியலில் மடையைத் திறந்து தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அங்கேயே சாய்ந்தார். மேரியில் அவர் இறப்பை என் கையாலேயே பதிவேட்டில் எழுதினேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் கம்பெனியின் விசாரணை அதிகாரி வந்தார். நெற்றியில் வியர்வை, கையில் தோல் பை. நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வேலை அது. வந்ததும் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல் ஒன்றை எடுத்து விரித்தார்.

“பாலிசி எடுக்கறதுக்கு முன்னாலேயே இவருக்கு இதய நோய் இருந்திருக்கு. மருந்தும் வாங்கியிருக்கார். அவர் எழுதின கேள்வித்தாள் சென்னை ஆபீஸ்ல இருக்கு, நான் பார்க்கல. ரெண்டு வருஷ நிபந்தனை வயசுக்காகப் போட்டதுன்னு நினைச்சிருந்தேன். இதை மறைச்சிருந்தா ஒரு காசும் கிடைக்காது.”

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பாலிசியைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதில் தைத்திருந்த நகலைப் புரட்டினார். எட்டாவது கேள்விக்கு வந்தபோது அவர் விரல் நின்றது. தம் தாளையும் அந்தத் தாளையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்தார். அதே மாதம், அதே மருந்து, டாக்டர் சொன்ன அதே வார்த்தை. இரண்டையும் மடித்து வைத்தார். பிறகு எழுந்து, மாலை போட்டிருந்த படத்துக்கு எதிரே நின்று கைகூப்பினார்.

“அம்மா, இருபது வருஷமா இந்த வேலை பார்க்கிறேன். நான் தேடி வந்ததை எனக்கு முன்னாலேயே எழுதி வச்சிட்டுப் போன ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்” என்றார்.

அண்ணன் வாயால் பேச முடியாத நாளில் அவர் கையெழுத்து பேசியது. நான் எழுதியதை அவர் அடிக்காமல் விட்டிருந்தால் அன்று அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த சாகுபடிப் பட்டத்துக்கு முன் பணம் வந்தது. குத்தகையின் முன்பணத்தை அண்ணி தம் கையாலேயே கட்டினார். ஏர் பிடிக்க ஆள் வைத்தார். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள். நிலம் எங்களிடம் இருக்கிறது.

அண்ணனை மடையிலிருந்து தூக்கி வந்த பக்கத்து வயல்காரர்களுக்கும், காரியங்கள் முடியும் வரை அடுப்பு மூட்டவிடாமல் சோறு அனுப்பிய தெருவாருக்கும், தாம் பெற்ற பாலிசிப் பணத்தை நினைத்து ஏம்பலத்திலிருந்தும் அரியூரிலிருந்தும் நடந்தே வந்து அழுத பெண்களுக்கும், நியாயமாக அறிக்கை எழுதிய அந்த அதிகாரிக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணிக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். முடித்ததும் கேட்டார்: “நான் கம்முனு இருந்தத எழுதினியா தம்பி?”

“எழுதியிருக்கறேன் அண்ணி. வேணாம்னா எடுத்துடறேன்.”

“எடுக்காத. அவரு இருந்தா எடுக்க வுடமாட்டாரு.”