இறுகாத மேல் அடுக்கு

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தபோது, ஹாலில் கவிழ்த்துப் போட்ட படகின் முன் மண்டியிட்டு ஹேர் டிரையரால் அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். படகின் மேல் கண்ணாடியிழைத் துணியை ஒட்டும் ரெசின் பசையை விற்கும் கம்பெனியில் எனக்கு அது இரண்டாவது மாதம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் வேதியியலில். “ரெசின் இறுகவே இல்லை” என்று வந்த புகாரை விசாரிக்க, தேய்த்த சட்டையோடு போயிருந்தேன்.

புகார் கொடுத்தவர் அக்காவின் அண்ணன். லேத் பட்டறையில் முப்பது வருடம். அரை மில்லி பிசகினாலும் சாமானைத் தூக்கி எறிவாராம். அதனால் மில்லிமீட்டர் என்று பெயர். கணவன் விட்டுப்போனதிலிருந்து பதினோரு வருடமாகத் தங்கை அவர் வீட்டில்தான். அண்ணன் ஏரியில் விட வீட்டிலேயே படகு கட்டத் தொடங்கியதும் அக்காவின் அறையில் ரெசின் டின்களை அடுக்கிவிட்டார்கள். டின்களுக்கு நடுவில் பாய் விரித்துப் படுத்தார்.

“படிச்சவரு, நீங்களே பாருங்க சார். இவ கலக்குன லட்சணம், ஊரே சிரிக்குது.”

“ஊரு எங்க சிரிக்குது? என் செருப்புதான் தரையில ஒட்டிக்கிட்டு நிக்குது” என்றார் அண்ணி, உள்ளேயிருந்து.

எப்படிக் கலந்தீர்கள் என்று கேட்டேன்.

“டின்லயே போட்டிருக்கு, அஞ்சுக்கு ஒண்ணு. ரெசின் பம்புல அஞ்சு அழுத்து, அத இறுக வைக்கிற ஹார்டனர் பம்புல ஒரு அழுத்து. இவ மூணு வாரமா ரெண்டுலயும் ஒவ்வொரு அழுத்து அழுத்தியிருக்கா! நான் பாத்ததும் பிடுங்கி நானே கலந்தேன். அடியில இவ பண்ண தப்பு மேல வரைக்கும் ஏறிடுச்சு.”

மேல் அடுக்கில் நகத்தை வைத்தேன், பள்ளம் விழுந்தது. ஓரத்தில் தெரிந்த அடி அடுக்கில் நகம்தான் மடங்கியது. கல். எனக்கு விளங்கிவிட்டது.

கை கழுவக் குழாயடிக்குப் போனேன். அக்கா சோப்போடு பின்னால் வந்தார். ரெசின் பட்டுப் பட்டு விரல்களெல்லாம் வீங்கி வெடித்திருந்தன.

“தம்பி, என்ன எழுதப் போறீங்க?”

“உள்ளதத்தான்க்கா.”

“என் தப்புன்னே எழுதிடுங்க.”

“உங்க தப்பே இல்லையே. நீங்க கலந்ததுதான் நல்லா இறுகியிருக்கு.”

“தெரியும். அண்ணன் தப்புன்னு எழுதினா அப்புறம் எனக்கு இந்த வீட்ல இடம் கிடையாது. ஒரு வரிதானே தம்பி?”

“பொய் எழுதவா நான் படிச்சேன்?” என்றேன். அப்போது அது எனக்கு நல்ல பதிலாகப்பட்டது.

ஹாலுக்கு வந்து, இரண்டு அளவுக் குவளைகளில் ஒவ்வொரு பம்பையும் ஒரே ஒரு முறை அழுத்திக் காட்டினேன். ரெசின் ஐந்து கோடு வரை வந்தது, ஹார்டனர் ஒரு கோடு. “பம்பே அஞ்சுக்கு ஒண்ணா அளந்துதான் சார் குடுக்குது. நீங்க அத மறுபடி அஞ்சால பெருக்கிட்டீங்க. இருபத்தஞ்சுக்கு ஒண்ணு. எவ்வளவு சூடு காட்டினாலும் இது இறுகாது.”

அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். “மில்லிமீட்டர் பம்புல கவுந்துட்டாரே! கடைக்காரர் சொன்னார்னு அவ இதையேதானே சொன்னா? அதுக்குத்தானே கன்னத்துல ஒண்ணு வாங்குனா?”

அண்ணன் கோபப்படவில்லை. சரிசெய்ய என்ன வழி என்று மட்டும் கேட்டார். பிசுக்கைச் சுரண்டி, ஊறிய துணியை உரித்தெடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டு, மறுபடி துணி ஒட்ட வேண்டும் என்றேன்.

“கேட்டியா?” என்றார் தங்கையிடம்.

இரண்டு வாரம் கழித்து அறிக்கையில் அண்ணனின் கையெழுத்து வாங்கப் போனேன். படகு வழவழவென்று இருந்தது. அக்காவைக் காணோம். எங்கே என்று அண்ணனிடம் கேட்டேன்.

“ஒன்பது நாள் சுரண்டினா. வேலை முடிஞ்சுது, பெட்டியத் தூக்கித் தெருவுல வச்சுட்டேன். தெரிஞ்சிருந்தும் வாயத் தொறக்காம என்னை வேடிக்கை பாத்திருக்கா சார்.”

அண்ணி இந்த முறை சிரிக்கவில்லை. நான் கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். தெளிவான அறிக்கை என்று மேனேஜர் பாராட்டினார்.

படகு ஏரியில் ஓடுகிறது. இதுவரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அக்கா இப்போது ஒரு பெண்கள் விடுதியில் பாத்திரம் கழுவுகிறார். விரல்கள் இன்னும் ஆறவில்லை. படுக்க மாடிப்படிக்குக் கீழே இடம் கொடுத்திருக்கிறார்கள்.