இரு தரப்பும் விரும்பிய வெற்றி

அமைதி காக்க வந்த இந்தியப் படை, எங்கள் ஊரில் முகாம் போட்ட அடுத்த வருடம் எங்களோடு விளையாட ஆசைப்பட்டது. அதற்குள் வீடு வீடாகச் சோதித்தும், இளைஞர்களைச் சந்தியில் வெயிலில் இருத்தியும் எங்களை நன்றாக அறிந்துகொண்டிருந்தார்கள். இனி நட்பு வளரட்டும் என்று முகாமின் பெரிய அதிகாரி தீர்மானித்தார். கரப்பந்து, கயிறிழுத்தல், கடைசியாக மல்யுத்தம். மல்யுத்தத்துக்கு அவர்களிடம் ஒரு பயில்வான் இருந்தான். எங்கள் பக்கத்து ஆளைப் பிரஜைகள் குழு கொடுக்க வேண்டும்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். நான் படிப்பித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு மேலே இருந்தவர்.

“ரீச்சர், உங்கடை மகனை அனுப்பவேணும்.”

“ஆர் கேட்டது?”

“ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் சொன்னனான். உடம்போடை இப்ப ஊரிலை வேறை ஆர் இருக்கினம்?”

அது உண்மைதான். அவன் வயதுக்காரர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். மீதிப்பேர் எங்கே என்று கேட்பது வழக்கமில்லை. என் மகன் பால்மா வந்த தகர ரின்களில் சீமெந்து நிரப்பி, கம்பியில் பூட்டித் தூக்கித் தூக்கித் தோள் வளர்த்திருந்தான். கரண்ட் இருந்த காலத்தில் வாடகை வீடியோ டெக்கில் அமெரிக்க மல்யுத்தம் பார்ப்பான். அதெல்லாம் முதலே பேசிவைத்து விழுகிறது என்று நான் ஒருநாள் சொல்லப்போக, அன்றிரவு சாப்பிடாமல் படுத்தவன்.

“நான் போறன் அம்மா. ஆளைத் தூக்கி எறியிறன்.”

“எறிஞ்சுபோட்டு?”

அவன் அதற்கப்பால் யோசித்திருக்கவில்லை. அந்த வேலை எனக்கு. கணவர் கொழும்பில், கந்தோர் வேலையில். போகாவிட்டால் முகாம் ஏன் என்று கேட்கும். போனால் படையோடு சண்டைபிடிக்கும் இயக்கப் பெடியள் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே முதலில் பெடியளிடம் அனுமதி கேட்கப் போனேன். ஒளிந்திருந்தார்கள் என்றாலும் எங்கே என்பது ஊருக்குத் தெரியும். வாழைத் தோட்டத்துக்குள் வந்தவன் என் பழைய மாணவன். தண்ணீர் குடிக்கப் போகவும் என்னிடம் கை உயர்த்தியவன்.

“போகட்டும் ரீச்சர். ஆனா தோக்கப்படாது.”

“தோத்தா?”

“தோக்கப்படாது எண்டு சொன்னனான்.”

மறுநாள் முகாமுக்குப் போனேன், மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்ல. வாசலில் மொழிபெயர்க்க நின்றவன் தமிழ்நாட்டுச் சிப்பாய். மல்யுத்தத்துக்கு வரும் பையனின் தாய் என்று சொல்வதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏம்மா அழுவுறீங்க? ஜெயிக்கப் போறது உங்க பையன்தான்.”

“உமக்கு எப்பிடித் தெரியும்?”

“ஆபீசர் சொல்லிட்டாரும்மா. உள்ளூர்ப் பையன் ஜெயிச்சாத்தானே சனங்க கை தட்டும்? போட்டோ புடிச்சு மேல அனுப்பணும். பயில்வானுக்கு ஆர்டர் போட்டாச்சு. கொஞ்ச நேரம் முறுக்கிட்டு விழுந்துடுவாரு.”

எத்தனையோ பேச்சுவார்த்தைகளில் இரு தரப்பும் ஒன்றிலாவது உடன்பட்டதாக நான் அறியேன். என் மகன் வெல்ல வேண்டும் என்பதில் உடன்பட்டார்கள். காய்ச்சலைப் பற்றி வாய் திறக்காமல் திரும்பினேன். மகனுக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடு மைதானத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பான்.

பள்ளிக்கூட மைதானத்தில் தடித்த படங்குத் துணி விரித்திருந்தார்கள். சனம் நிறைய. வராத வீடுகளை முகாம் கவனிப்பதாக ஒரு கதை உலவியது. பயில்வான் மேற்சட்டையைக் கழற்றியதும் பின்னாலிருந்து ஒரு குரல்: “ஐயோ, உது மனுசனோ, நெல்லு மூட்டை ஏத்தின லொறியோ?” அவ்வளவு பெரிய உடம்பில் அத்தனை சோகமான முகத்தை நான் கண்டதில்லை. சும்மா விழச் சொன்னால் எந்தப் பயில்வானுக்கும் அப்படித்தான் இருக்கும்.

அந்த மைதானத்தில் உண்மையாக மல்யுத்தம் செய்யவந்தது என் மகன் மட்டுமே. விசில் ஊதியதும் முழுப் பலத்தோடு பாய்ந்தான். பயில்வானோ கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் அவசரக்காரன். கை படுவதற்கு முன்பே மல்லாந்து விழுந்தான். மோத ஒன்றுமில்லாமல் என் மகன் அவனைத் தாண்டிப் பறந்து, படங்குக்கு வெளியே கட்டாந்தரையில் தோள் அடிபட விழுந்தான். நடுவர் ஓடிவந்து வென்றவனின் கையை உயர்த்தினார். முறிந்த பக்கத்துக் கையை. அவன் வீரிட்டுக் கத்தினான். அதை வெற்றி முழக்கம் என்று நினைத்துச் சனம் கை தட்டியது. படம் பிடித்தார்கள்.

முறிந்தது காறை எலும்பு. சுன்னாகத்துப் பக்கத்து முறிவு வைத்தியர் பத்துப் போட்டு, கையை மடக்கிக் கழுத்தோடு கட்டிவிட்டார்.

வெற்றி என்றால் அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன். பழைய மாணவன் ஒருநாள் பின்வளவால் வந்தான். “இப்பிடிப்பட்ட ஆக்கள்தான் எங்களுக்குத் தேவை, ரீச்சர்.” கட்டைப் பார்த்தான். “சுகம் வரட்டும்.” முகாமும் உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு புதிதாக ஒரு ஊர்ப்படை சேர்த்துக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்புச் சிப்பாய் எங்கள் வீட்டுக் கேற்றடியில் நின்று தலையைக் குனிந்தபடி சொன்னான்: “பையனோட பேரு லிஸ்ட்ல இருக்கும்மா. கை சரியானதும் வரச் சொல்லியிருக்காங்க.” இரு தரப்பும் உடன்பட்ட இரண்டாவது விஷயம் இது. நான் தேவாலயத்தில் முழந்தாளிட்டு, மகனின் எலும்பு மெதுவாகப் பொருந்த வேண்டும் என்று மன்றாடினேன்.

இளம் எலும்பு, கெதியாகவே பொருந்திவிட்டது. வைத்தியர் கட்டை அவிழ்த்து, தோளை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லாப் பொருந்தீட்டுது ரீச்சர்.”

“அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சாக் காணும். திரும்பக் கட்டிவிடுங்கோ.”

“என்னத்துக்கு?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு புதுத் துணி கிழித்தார்.

“அம்மா, விசரே உங்களுக்கு?” மகன் எழும்பிவிட்டான். “எனக்கு ஒண்டுமில்லை. நான் வெண்டனான்!”

“ஓம் ராசா, வெண்டனீ. கையை மடக்கு.”