குகன் மாமாவுக்குப் போடாத இலை

கஸ்தானியன் கொட்டை அதன் முட்கோதைப் பிளந்துகொண்டு வெளியே வந்த முதற்கணத்தில் ஈரமாக இருக்கும். உள்ளங்கையில் வைத்து மூடினால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த முட்டையைப் போலச் சில்லிட்டு, பிறகு மெல்ல மெல்லக் கையின் சூட்டை வாங்கிக்கொள்ளும். காற்சட்டைப் பையில் ஒரு வாரம் கிடந்தால் மினுக்கம் போய்விடும். குளிர்காலம் தொடங்குவதற்குள் தோல் சுருங்கிவிடும். சாப்பிட உதவாத கொட்டைதான், ஆனாலும் செப்டெம்பர் கடைசியில் ஜெர்மனியில் எந்தப் பிள்ளையின் பையைக் கவிழ்த்தாலும் நாலைந்து விழும். கெல்சென்கிர்ச்சனில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அருகே பெரிய கஸ்தானியன் மரம் ஒன்று நின்றது. காற்றடித்தால் கொட்டைகள் தொட்டி மூடிகளின் மேல் "டொக், டொக்" என்று விழும் சத்தம் மூன்றாம் மாடியில் எங்கள் குசினி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தம் தொடங்கியதும் அம்மா சுவரிலிருந்த தமிழ் நாட்காட்டியைப் புரட்டிப் பார்ப்பார். மாளயம் எப்போது என்று தேடுவார்.

மாளயம் என்பது புரட்டாசியில் இறந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் வீடுகளைத் தேடிப் பசியோடு வருவதாக நாங்கள் நம்பும் காலம். அந்த நாட்களில் ஒன்றில் இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை போட்டு, அவரவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் "படைக்க" வேண்டும். முதல் பங்கு காகத்துக்கு. காகம் தொட்ட பிறகுதான் உயிரோடிருப்பவர்கள் வாயில் வைக்கலாம். எங்கள் வீட்டில் நான்கு இலைகள்: அப்பாவைப் பெற்றவர்களுக்கு இரண்டு, அம்மாவைப் பெற்றவர்களுக்கு இரண்டு. தமிழ்க்கடையில் வாங்கி வந்த ஒற்றை வாழையிலையைக் கத்தரிக்கோலால் துண்டுகளாக வெட்டி, அறைத் தரையில் படங்களுக்கு முன்னால் விரிப்போம். பல்கனியில் பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கக் கூடாது என்று கீழ்வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்ததால், காகத்தின் சோற்றை அப்பா ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்துக்கொண்டு கஸ்தானியன் மரத்தடிக்குப் போவார்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த அந்த இலையுதிர்காலத்தில், ஐந்தாவது இலை ஒன்று போடுவதா இல்லையா என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டது. அது குகன் மாமாவுக்கான இலை. அம்மாவின் ஒரே தம்பி. நான் தொலைபேசியில் குரலை மட்டுமே கேட்டவர். ஊரில் கடைசிச் சண்டை முடிந்த நாட்களில், இராணுவத்தால் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களோடு அவரும் ஒரு பேருந்தில் ஏறியதைக் கண்டதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. உடலும் இல்லை, தகவலும் இல்லை. இறந்தவனுக்கு இலை போடாமல் விட்டால் அவன் வாசலில் பசியோடு நின்றுவிட்டுத் திரும்பிப் போவான்; உயிரோடிருப்பவனுக்கு இலை போட்டாலோ, அவனைச் சொந்தக் கையாலேயே சாகக் கொடுத்ததாகும். எட்டு வயதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். இன்றைக்கும் இதற்கு மேல் விளங்கவில்லை.

அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. அம்மா எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவில் நிறுத்தப்பட்டவர். இருவரின் பரம்பரையிலும் வகுப்பறையில் ஒழுங்காக உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான் என்பதால், பள்ளியிலிருந்து நான் கொண்டுவரும் எதற்கும் வீட்டில் மறுபேச்சு இருக்கவில்லை. "பள்ளிக்கூடத்தில சொன்னவையோ?" என்று அம்மா கேட்பார். ஓம் என்றால் அதோடு விஷயம் முடிந்தது.

அந்த வருடம் இலையுதிர்காலம் தொடங்கும் நாளில், எங்கள் வகுப்பாசிரியை யன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, உலகப் பந்தின் மேல் ஒரு டோர்ச் வெளிச்சத்தை அடித்துக் காட்டினார். இன்றைக்கு இரவும் பகலும் சமம், வடக்கு தெற்கு என்ற பேதமில்லாமல் உலகம் முழுவதற்கும் ஒரே அளவு பகல் என்றார். அன்று பிற்பகல் கஸ்தானியன் கொட்டைகளில் தீக்குச்சிகளைச் செருகி அவரவர் குடும்பத்தைப் பொம்மைகளாகச் செய்தோம். நான் நான்கு பேரைச் செய்தேன். நான்காவது ஆள் யார் என்று ஆசிரியை கேட்டார். மாமா என்றேன். எங்கே இருக்கிறார் என்று கேட்டார். தெரியாது என்றேன். என் தலையைத் தடவிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, ஒரு தோடம்பழத்தையும் மேசைவிளக்கையும் வைத்து எல்லாவற்றையும் செய்து காட்டினேன். ஜெர்மனியின் கோடைப் பகல்களை அம்மா வெறுத்தார். "பொழுது படுதில்லை, இதென்ன நாடு" என்பார். குளிர்கால இருட்டை அதைவிட வெறுத்தார். ஆகவே இந்தச் செய்தி அவருக்குப் பிடித்துப்போகும் என்று நினைத்தேன்.

"அப்ப ஊரிலயும் இண்டைக்கு இதே அளவு வெளிச்சமோ?"

"ஓம். எல்லா இடமும்."

"பள்ளிக்கூடத்தில சொன்னவையோ?"

"ஓம் அம்மா."

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "அப்ப குகன் எங்க இருந்தாலும் இண்டைக்கு எங்களுக்கு இருக்கிற வெளிச்சம்தான் அவனுக்கும்" என்றார். மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தபடி கேட்டார்: "அவன் இருக்கிற அறைக்கு யன்னல் இல்லாட்டி?"

அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை.

அன்று சூரியன் இறங்கும் நேரத்தில் அம்மா ஜாம் போத்தல் ஒன்றுக்குள் சிறு விளக்கை ஏற்றிப் பல்கனியில் வைத்தார். நான் செய்த நான்காவது பொம்மையை அதற்குப் பக்கத்தில் நிறுத்தினார். மாமாவின் படம் வீட்டில் இருந்தது. ஆனால் படமும் விளக்கும் சேர்ந்தால் செத்தவராகிவிடுவார் என்பதால், கஸ்தானியன் கொட்டை போதுமென்று நினைத்திருக்க வேண்டும். எந்தச் சாத்திரத்திலும் இல்லாத இந்தச் சடங்கு எங்கள் வீட்டில் இப்படித்தான் தொடங்கியது.

மாளயத்துக்கு நாங்கள் குறித்த நாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா பாத்திரம் கழுவிய உணவகத்தில் மரக்கறி வெட்டிய தவமண்ணை அன்றைக்கும் வந்திருந்தார். அப்பாவின் ஊர்க்காரர், தனி ஆள். தனக்கென்று சமைக்கச் சோம்பற்பட்டு ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிடுபவர். மாமாவைச் சின்ன வயதில் தூக்கித் திரிந்ததாகச் சொல்வார். வந்ததும் வராததுமாகப் பல்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சத்தைக் காகத்துக்குத் தமிழ் விளங்குமே தங்கச்சி? நாங்கள் கா கா எண்டு கூப்பிட, அது டொச்சுப் பாசையில ஏதும் கேட்டால் என்ன செய்யிறது?"

"தம்பி கதைப்பான். அதுக்குத்தானே படிப்பிக்கிறம்" என்றார் அம்மா, என்னைக் காட்டி.

"அதுவும் சரி. காகத்திட்டப் போறதுக்கும் இஞ்ச ஒரு டெர்மின் போட்டு நேரம் குறிச்செடுக்க வேணும்."

அப்பாகூடச் சிரித்தார். அன்று எங்கள் வீட்டில் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

அப்பா குளிக்கப் போனார். அம்மா குசினியில் உழுந்து வடை பொரித்துக்கொண்டிருந்தார். அறையில் நானும் தவமண்ணையும் மட்டும். அவர் நான்கு இலைகளிலும் சோறும் கறிகளும் பரிமாறினார். வாழையிலையில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்மம்மாவின் இலைக்குப் பக்கத்தில் அதையும் விரித்து, மற்ற இலைகளுக்கு வைத்ததைவிட அதிகமாகவே சோறு வைத்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அதை அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதற்கு நான் சாட்சி.

அம்மா வடைத் தட்டோடு வந்தார்.

"இதாருக்கு அண்ணை?"

"குகனுக்குத்தான் தங்கச்சி. உவன் சின்னனிலயே பசி பொறுக்க மாட்டான். வந்து நிண்டு பாத்திட்டு வெறும் வயித்தோட போனால் பாவம்தானே."

அம்மா வடைத் தட்டைத் தரையில் வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த ஐந்தாவது இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"சாந்தி, காகத்துக்கு இன்னும் வைக்கேல்லை."

"ஓம். தெரியும்."

"படைச்ச இலையப்பா அது."

"இது படைச்ச இலை இல்லை. சாப்பிடுற ஆளின்ர இலை" என்று சொல்லி, அம்மா முதற்கவளத்தை வாயில் வைத்தார்.

காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்தவர். நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவசரப்படாமல், அழாமல், ஒவ்வொரு கறியாகத் தொட்டு, தட்டிலிருந்து வடையை எடுத்துப் பிய்த்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். கடைசியில் வெறும் இலையை எங்களுக்குக் காட்டுவதுபோலக் கையை எடுத்தார். "குகன் வந்தால் அடுப்பில சோறிருக்கு. அவன் மேசையில இருந்து சாப்பிடுவான்" என்றார். பிறகு எழுந்து கை கழுவப் போகும்போது, "அண்ணை, நிண்டுகொண்டிருக்காமல் வந்து இருங்கோ. காகம் சாப்பிட்டதும் உங்களுக்குப் போடுறன்" என்றும் சொன்னார். தவமண்ணையால் அன்று சாப்பிட ஏலவில்லை. அப்பா காகத்தின் பெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய், நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். காகம் தொட்டதா என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மாளயத்தில் எங்கள் வீட்டில் நான்கு இலைகள்தான். ஒவ்வோர் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் பல்கனியில் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு முறையும் மரத்தடியில் புதிதாகப் பொறுக்கிய கொட்டைகளில் நான் ஒரு பொம்மை செய்தேன். சுருங்கிப்போன பழைய பொம்மையை அம்மா எறிந்துவிடுவார். "உவனும் இப்பிடி வத்திப் போயிருப்பானோ" என்று ஒருமுறை முணுமுணுத்தது கேட்டது. பதினைந்து வயதில் தீக்குச்சி செருகிக்கொண்டிருப்பது எனக்கு வெட்கமாக இருந்தாலும் செய்துதான் கொடுத்தேன்.

நான் பொறியியல் படிக்க வெளியூர் போன பிறகு அம்மாவின் வயிற்றில் கட்டி கண்டது. பிதிரர்க்குப் படைத்த இலையில் காகத்துக்கு முன்னால் கை வைத்ததால் வந்த வினை என்று சொந்தக்காரர்களிடையே கதை பரவியது; ஊன்ட்றொப் கோயில் திருவிழாவில் ஒரு பெண் அதை எனக்கே கேட்கும்படி சொன்னார். அப்பா அதை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. தவமண்ணை மட்டும் நம்பினார். மருத்துவமனைக்கு வந்து கட்டிலருகே நின்று, "தங்கச்சி, நான் அண்டைக்கு அந்த இலையைப் போட்டிருக்கக் கூடாது" என்றார்.

அம்மாவுக்குக் குரல் போய்க்கொண்டிருந்தது. "ஏன் அண்ணை? நீங்கள் போட்ட சோறு நல்லாத்தானே இருந்தது" என்றார். "கறிக்குத்தான் உப்புக் காணாது. அது என்ர பிழை."

மூன்று கிழமைகளில் அம்மா போய்ச் சேர்ந்தார்.

இறந்த முதல் வருடத்தில் மாளயம் செய்யும் வழக்கமில்லை என்பதால், சென்ற வருடம் நாங்கள் எதுவும் படைக்கவில்லை. இரவும் பகலும் சமமான நாளும் வந்து போனது. அதை நான் நினைத்துக்கொண்டபோது நாள் கடந்துவிட்டிருந்தது. இந்த வருடம் மாளயத்துக்காக வீட்டுக்குப் போனேன். கஸ்தானியன் மரம் இல்லை. இலைகளில் நோய் பிடித்து ஆடி மாதமே பழுத்து உதிர்கிறது என்று சொல்லித் தறித்து, அந்த இடத்தில் கார் நிறுத்தக் கோடு போட்டிருக்கிறார்கள். காகங்கள் எங்கே போயினவோ, அப்பா சோற்றுப் பெட்டியோடு இப்போது கால்வாய்க் கரைக்கு நடக்க வேண்டும். தவமண்ணை வருவதில்லை, அழைத்தால் வேலை என்கிறார். பல்கனி மூலையில் ஜாம் போத்தல் மழைத்தண்ணீர் நிறைந்து கிடந்தது. பக்கத்தில் நான் கடைசியாகச் செய்துகொடுத்த பொம்மை கைகால் உக்கி விழுந்து, இரண்டு கறுத்த சுருங்கல்களாகக் கிடந்தது. புதிதாகப் பொறுக்கிச் செய்ய மரமும் இல்லை, அது வேண்டும் என்று கேட்க ஆளும் இல்லை.

அப்பா படங்களை வரிசையாக வைத்தார். இப்போது ஐந்து படங்கள். நான் வாழையிலையை வெட்டி ஐந்து துண்டுகள் போட்டேன். கையில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. அப்பா அதைப் பார்த்தார்.

"தம்பி, நீ படிச்சனி. சொல்லு. குகனுக்குப் போடுறதோ?"

அப்பா என்னிடம் கேட்ட கேள்விகளில் இதைப்போல வேறொன்றும் கனத்ததில்லை. வீட்டுக்குள் நான் கொண்டுவந்த படிப்பு முழுவதையும் கிளறிப் பார்த்தேன். யன்னல் இல்லாத அறைக்கு அன்று எப்படிப் பதில் இருக்கவில்லையோ, அப்படியே இதற்கும் இருக்கவில்லை.

"எனக்குத் தெரியேல்லை அப்பா."

அப்பா தலையாட்டினார். என் கையிலிருந்த இலைத்துண்டை வாங்கி இரண்டாக மடித்துத் தன் வேட்டி மடிப்பில் செருகினார். பிறகு அம்மாவின் இலைக்கு முன்னால் மெதுவாகக் குந்தினார்.

"இப்ப அவவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். "அவன் அங்கயெண்டால் பிரிச்சுக் குடுப்பா. அங்க இல்லையெண்டால் அவவே சாப்பிடட்டும்."

அம்மாவின் இலையில் வைத்த சோற்றுக்கு மேல் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தார். வடைத் தட்டை என்னிடம் கேட்டு வாங்கி, இருவருக்குப் போதுமா என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கத் தொடங்கினார்.